சிறு ட்ரோனை வயலுக்கு எடுத்துச் செல்லும் முறை

பயிரின் நிலையை மேலிருந்து பார்வையிடச் சிறு ட்ரோன் கொண்டு செல்லும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும், யந்திரத்தைக் காட்டிலும் அதன் லித்தியம் பாட்டரிகளைப் பற்றியே அதிகக் கவலை கொள்ளல் வேண்டும். திருத்தணியில் கோடையில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. வெயிலில் நிறுத்திய காரினுள் உஷ்ணம் இன்னும் மிகும். அங்கே விடப்பட்ட பாட்டரி உப்பிப்போகும், தீப்பற்றவுங் கூடும். ஆகையால் ஒவ்வொரு பாட்டரியின் முனைகளையும் மூடி, சாவி, சில்லறை முதலியன படாதபடி தனிப்பையிலிட்டு நிழலில் வைத்தல் அவசியம். பல நாள் உபயோகியாது வைப்பதாயின் பாதியளவு மின்சாரமே இருத்தல் நலம். உப்பிய பாட்டரியை விலை கருதி மீண்டும் உபயோகிப்பது வீண் சிக்கனம்.

விசிறிகளை மடக்கி, காமிராவுக்கு உறை மாட்டிய பின்னரே பெட்டியிலிடுக. மோட்டார் சைக்கிளில் செல்வோர் அதனை முதுகில் சுமப்பதே மேல். பின்னால் கட்டினால் வண்டிப்பாதையின் அதிர்ச்சி காமிராவின் தாங்கியைக் கெடுக்கும். உழுத மண்ணிலிருந்து கிளப்பினால் புழுதி மோட்டாருள் புகுமாதலின், சிறு தார்ப்பாய் ஒன்றும் உடனிருக்கட்டும்.