ஏரிக்கரையில் நாய்க்கு ஒரு துறை

கொடைக்கானல் ஏரி தானாக அமைந்ததல்ல. 1863-இல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், மலை ஓடைகள் வந்து சேரும் சதுப்பில் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். அதற்கு முன் அங்கே ஈரநிலம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் கோரையும் புல்லும்தான். தாகமெடுத்த காட்டுமாடும் செந்நாயும் நடந்து வந்து குடித்துவிட்டுப் போயிருக்கும்.

இன்று சுமார் 60 ஏக்கர் தண்ணீரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை. கடைகள், சைக்கிள்கள், குதிரைகள், படகுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ச்சாலையில் விழும் தண்ணீர் அப்படியே ஓரத்துக்கு ஓடி மண்ணை அறுக்கிறது. படகு எழுப்பும் சிற்றலைகள் கீழேயிருந்து அறுக்கின்றன. பல இடங்களில் கல் கட்டி வேலி போட்டிருப்பது இதனால்தான். கரை சரிந்தால் சாலையும் சேர்ந்து போகும் என்பதால், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் செங்குத்தாக எழுப்பிய சுவரில் மோதும் அலை அடங்குவதில்லை. திரும்பி, சுவரின் காலடி மண்ணைப் பறிக்கிறது. அடி குடைந்த சுவர் ஒரு பெருமழையில் வயிறு தள்ளி நிற்கும். கோரை வளர்ந்த ஓரத்தில் அதே அலை தண்டுகளுக்குள் நுழைந்து வலுவிழந்துவிடும்.

நாய்களுக்கோ அந்தச் சுவர் பெரும் ஆபத்து. காதில் கருத்தடை அடையாள வெட்டு உள்ள ஒரு தெருநாய் வேலிக்கடியில் நுழைந்து கல் விளிம்புக்குப் போனதைப் பார்த்தேன். முன்னங்கால்களைக் கீழே நீட்டி, பின்னங்கால்கள் நடுங்க, நாக்கால் எட்டிப் பார்த்தது. தண்ணீர் ஒரு சாண் கீழே இருந்தது. கடைசியில் திரும்பி வந்து, சோளக்கதிர் வண்டிக்கடியில் தேங்கியிருந்த தண்ணீரை நக்கியது. உள்ளே விழுந்திருந்தால் பாசி படிந்த கல்லில் நகம் பிடிக்காது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊரின் குளிர்ந்த தண்ணீரில், நீந்தும் தெம்பும் சீக்கிரம் வற்றிவிடும்.

கீழ்நாட்டுக் கண்மாய்களில் கரையையும் காத்து விலங்குக்கும் இடம் விட நெடுங்காலமாக வழி இருந்திருக்கிறது. கரையின் உட்புறம் சாய்வாகப் பதித்த அலைகல் அலையைத் தாங்கும். ஆட்கள் இறங்கப் படித்துறை. மாடு இறங்க ஒரு சரிவு, அருகே அது உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக்கல். கால்நடை ஓரிடத்தில் இறங்கினால் மற்ற கரைக்குச் சேதமில்லை. இறங்க இடமே விடாவிட்டால் அது கண்ட இடத்தில் மண்ணைப் பிறாண்டும். புல் போன தடத்தில் மழை வாய்க்கால் வெட்டும்.

கொடைக்கானலுக்கும் அதுதான் வேண்டும். படகுத்துறையிலிருந்து விலகி, பறவைகள் கூடு கட்டாத ஓரங்களில், சொரசொரப்பான கற்களால் சில சரிவுகள். ஓரடி இறக்கத்துக்கு நாலடி நீளம், அதுவும் கோடையில் நீர்மட்டம் தாழும் இடத்தையும் தாண்டிப் போக வேண்டும். இருபுறமும் கோரையை வளர விடலாம்.

ஆனால் அந்தச் சரிவு தவறி விழுந்த நாய் ஏறி வருவதற்கு மட்டுமே. குடிக்கப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்பதே நல்லது. கழிவுநீர் கலந்து தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகினால், சில வகைகளின் நஞ்சு ஒரு நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். பல நாடுகளில் அப்படி நடந்திருக்கிறது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும் உண்டு. வளர்ப்பு நாயோடு வருபவர்கள் அதற்கான தடுப்பூசியைப் போட்டிருக்க வேண்டும். பச்சை ஆடை படர்ந்த ஓரத்தில் சங்கிலியை அவிழ்க்கவே கூடாது.

சரிவின் அடிக்கல்லைத் தண்ணீர் இறங்கியிருக்கும்போதுதான் பதிக்க முடியும். ஏப்ரலில் சீசன் கூட்டம் மலையேறுவதற்குள், பிப்ரவரி, மார்ச்சில் வேலையை முடித்துவிடலாம்.