நாள்தோறும் வேதவாசிப்பு

பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று படித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-இல் தம் சபையாருக்கு வேறொரு அட்டவணை தந்தார்: தினமும் நான்கு அதிகாரம், புதிய ஏற்பாடும் சங்கீதமும் ஆண்டுக்கு இருமுறை. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

ஆதியாகமம் கதையாக ஓடும். லேவியராகமத்தின் பலிமுறைகளில்தான் பலருடைய புத்தாண்டுத் தீர்மானம் படுத்துவிடுகிறது. நீதிமொழிகள் சுலபம்: 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதவாசிப்பு பெரும்பாலும் இரவுக் குடும்ப ஜெபத்தின் பகுதி. பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்; பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு வசனமாகப் படிப்பார்கள். ‘நேபுகாத்நேச்சார்’ என்ற பெயர் வந்தால் நாக்கு தடுமாறும், சிரிப்பு எழும். அப்படியே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் உண்டு.

வாசிப்பை விட அதன் பிறகான தியானமே கடினம். நாவடக்கம் பற்றிக் காலையில் படித்தவருக்கு, அலுவலகத்தில் கோபம் வரும்போது அந்த வசனம் குறுக்கே நிற்கலாம், நிற்காமலும் போகலாம். இரவில் அது மறுபடி நினைவுக்கு வந்து உறுத்துவதும் உண்டு.