மனம் நொந்தால் உடல் என்ன செய்யும்?

"மனசும் சரியில்லை, உடம்பும் சரியில்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்டிருப்போம். இது வெறும் பேச்சு வழக்கா? அல்லது மனத்துக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றனவா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மன உளைச்சல் என்பது மனநோய் அல்ல. கவலையால் தூக்கம் கெடுவது, எதிலும் மனம் ஒன்றாமல் போவது, சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாமல் தடுமாறுவது, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வருவது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றை அளப்பதற்கு, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் டேவிட் கோல்ட்பர்க் உருவாக்கிய கேள்வித்தாளின் 12 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவத்தை ஆய்வாளர்கள் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு இங்கிலாந்தில் 35 வயதுக்கு மேற்பட்ட 68,222 பேர் அளித்த பதில்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தொடக்கத்தில் இவர்கள் யாருக்கும் இருதய நோயோ புற்றுநோயோ இல்லை. சராசரியாக எட்டு ஆண்டுகள் இவர்களைக் கவனித்து, முடிவுகளை 2012ல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். உளைச்சலே இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, மிகக் கடுமையான உளைச்சல் உள்ளவர்களிடையே இறப்பு விகிதம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அதைவிட வியப்பு என்னவென்றால், மருத்துவரிடம் போகும் அளவுக்குக்கூட இல்லாத லேசான உளைச்சல் உள்ளவர்களிடமும் அது 20 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதாவது, உளைச்சல் இல்லாத ஒரு கூட்டத்தில் 100 பேர் இறக்கும் காலத்தில், அதே வயதினரான இவர்களில் 120 பேர் இறக்கிறார்கள்.

"கவலைப்படுகிறவர் சிகரெட் பிடிப்பார், குடிப்பார், நடக்கப் போகமாட்டார், அதனால்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புகை, மது, உடற்பயிற்சி, தொழில் சார்ந்த சமூக நிலை, நீரிழிவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ஆனாலும் இத்தகைய ஆய்வு தொடர்பைத்தான் காட்டும். இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாய் துரத்தினால் இருதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அட்ரினலின், கார்ட்டிசோல் என்னும் சுரப்பிநீர்கள் உடம்பைத் தப்பியோடத் தயார்ப்படுத்துகின்றன. நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் கடன், குடும்பச் சண்டை, வேலை பறிபோகும் பயம் ஆகியவை நாயைப் போல் போய்விடுவதில்லை. உடம்பு மாதக்கணக்கில் அதே விழிப்பு நிலையிலேயே இருக்கிறது. அதனால் தூக்கம் கெடுகிறது. நோய் எதிர்ப்புச் சக்தியின் ஒழுங்கும் குலைகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஷெல்டன் கோஹன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உடல்நலத்தோடு இருந்த 394 பேரின் மூக்கில் சளிக்கிருமிச் சொட்டு விட்டார்கள். மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களிலோ அது 47 விழுக்காடு. 1991ல் வெளியான முடிவு இது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீக்கோல்ட்-கிளேசர் குழுவினர் 1995ல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான், ஆனால் நம் நெஞ்சைத் தொடுவது. மறதி நோயால் பாதிக்கப்பட்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் ஒரு சிறு காயம் ஏற்படுத்தினார்கள். பராமரிப்பாளர்களுக்குக் காயம் ஆற சுமார் 49 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 39 நாள் போதுமானதாக இருந்தது. இரவு பகல் பாராமல் மாமியாரைக் கவனிக்கும் மருமகள், படுத்த படுக்கையான கணவரைத் தூக்கி உட்காரவைக்கும் மனைவி என்று நமக்குத் தெரிந்த முகங்களை இங்கே நினைத்துப் பாருங்கள். "அவளுக்கு என்ன, வீட்டில்தானே இருக்கிறாள்" என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்!

பழி சொல்ல வேண்டாம்

இந்த ஆய்வுகளை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, "நீ கவலைப்பட்டுக் கவலைப்பட்டே இந்த நோயை வரவழைத்துக்கொண்டாய்" என்று நோயாளியைக் குற்றம் சொல்வது பெரும் தவறு. முன்னர் சொன்ன இங்கிலாந்து ஆய்விலேயே, இருதய நோயோடு லேசான உளைச்சலுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் புற்றுநோய் மரணத்தோடு மிகக் கடுமையான உளைச்சலுக்கு மட்டுமே தொடர்பு காணப்பட்டது. நோய்க்குக் காரணங்கள் பல. உளைச்சல் அவற்றில் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான். அதோடு, மன உறுதி இல்லாததால் உளைச்சல் வருவதில்லை. பெரும்பாலும் சுமை அதிகமாகி, அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாதபோதுதான் அது வருகிறது.

சிங்கப்பூரில் 2016ல் நடந்த மனநல ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனநலக் கோளாற்றுக்கு ஆளாகியிருக்கிறார். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் எந்த நிபுணரின் உதவியையும் நாடவில்லை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் அல்லவா?

அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, "டாக்டர், சில வாரங்களாகத் தூக்கமே இல்லை, மனசு பாரமாக இருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர் இருந்தால், வாரத்தில் ஒரு மாலைப்பொழுதாவது அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவரை வெளியே போய்வரச் சொல்லுங்கள். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் நாம், "நன்றாகத் தூங்கினீர்களா, மனசு எப்படி இருக்கிறது?" என்றும் கேட்டுப் பழகுவோம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சற்றே பொறுமையாக உட்கார்ந்திருப்போம்.