சயனைடு மேட்டுக்கு மூன்று நூல்

எம்பிராய்டரியில் ஷேடிங் கற்க வருபவர்களுக்கு முதலில் கையில் தரப்படுவது ரோஜா. ஏழெட்டுச் சிவப்பும் இதழ் மடிப்புமாக எடுத்த எடுப்பிலேயே மிரட்டிவிடும். கோலார் தங்கவயல் பெண்கள் தங்கள் ஊரில் நிற்கும் சயனைடு மேட்டிலிருந்தே தொடங்கலாம் என்பேன்.

சுரங்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய பொடிதான் இந்த மேடுகள். மொத்தம் 13, ஏறக்குறைய 3.3 கோடி டன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டும் இவை நின்றன. காற்றடித்தால் வீட்டுக்குள் தூசியாக வந்து மக்களை இருமவைத்தன. இவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தூசி போவது நல்லதுதான். ஆனால் தலைமுறைகள் பார்த்து வளர்ந்த அந்த உருவம் துணியிலாவது இருக்க வேண்டும்.

நிறங்களும் அதிகம் தேவையில்லை. வெளிர் சாம்பல், மங்கிய மஞ்சள், மழைநீர் அறுத்த பள்ளங்களுக்குப் பழுப்பு; மூன்று கண்டு போதும். ஆங்கர் நூலில் ஆறு இழைகள் இருக்கும். ஒற்றை இழையைப் பிரித்தெடுங்கள். இரண்டாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், நிறங்கள் திட்டுத் திட்டாக நிற்கும். துணியை வளையத்தில் விறைப்பாக இறுக்கி, உச்சியிலிருந்து மழைநீர் இறங்கிய தடங்களைப் பென்சிலால் வரையுங்கள். ஊசி போகவேண்டிய வழி அதுதான்.

உச்சிக்கோட்டில் ஸ்ப்ளிட் ஸ்டிச். அதை மூடியபடி வெளிர் நூலில் முதல் வரிசை: நீளம், குட்டை, நீளம், குட்டை. பலரும் சறுக்கும் இடம் இது. எல்லாக் குட்டையும் ஒரே அளவில் வந்தால் கீழ் விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரியும். அளவுகள் முன்னே பின்னே இருக்க வேண்டும். இரண்டாம் வரிசையில் குட்டையே கிடையாது. மஞ்சள் நூலை முந்தைய தையலின் உடலைப் பிளந்து மேலே எடுத்து, கீழ்நோக்கி இறக்குங்கள். நிறம் எங்கே மாறியது என்று கண்ணுக்குப் பிடிபடாமல் போவது இந்தக் குத்தில்தான். தையலின் நுனிக்கு அருகிலேயே குத்தினால் இடையில் துணி தெரியும்.

சீன எம்பிராய்டரிக் கலைஞர் ஷென் ஷோ (1874–1921) ஜப்பானுக்குப் போய்வந்தபின், மேற்கத்திய ஓவியத்தின் ஒளியையும் நிழலையும் பட்டு நூலில் கொண்டுவந்தார். அவர் தைத்த இத்தாலிய அரசி எலெனாவின் உருவம் 1911 டூரின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அரசி முகத்துக்கும் மண்மேட்டுக்கும் கணக்கு ஒன்றே: வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தீர்மானித்த பிறகே ஊசியில் நூல் கோக்க வேண்டும். காலை நேர மேடு என்றால் மேற்குச் சரிவில் மஞ்சளைக் குறைத்துப் பழுப்பைக் கூட்டுங்கள்.

பழுப்பைக் கடைசியில் போடுங்கள். அடர் நூலைக் குத்திக்கொண்டு வெளிர் நூல் மேலே வந்தால் அடர் நூலின் பிசிறு ஒட்டி, சாம்பல் அழுக்காகிவிடும்.