செம்புக் குழாயும் களிம்பும்

ஊறிய புளியை எடுத்துச் செம்புக் குடத்தில் அழுத்தித் தேய்த்தால், கறுத்துக் கிடந்த குடம் சில நொடிகளில் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். அழுக்குப் போயிற்று என்கிறோம். போனதில் பெரும்பகுதி அழுக்கு இல்லை. காற்றும் ஈரமும் பட்டுச் செம்பு தன்மேல் போர்த்திக்கொண்ட ஆக்சைடுத் தோல். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டது. துலக்கிய குடம் சில நாட்களில் மறுபடி மங்குகிறதே, அது செம்பு தன் தோலை மீண்டும் போர்த்திக்கொள்ளும் வேலை. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் செம்பு ஏற்றதா என்ற கேள்விக்கு இந்தத் தோலில்தான் விடை இருக்கிறது. குழாயைக் காப்பாற்றுவது உலோகத்தின் கனமோ கடினமோ அன்று. உட்சுவரில் தண்ணீரும் செம்பும் சேர்ந்து கட்டும் மெல்லிய படலமே. ஆகவே ஒரு செம்புக் குழாய் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைக் கடையில் குழாயைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குள் ஓடப்போகும் தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செம்புக் குழாய் வீட்டுக்கு வீடு ஓடுகிற நாடு பிரிட்டன். அங்கே வாஷ்பேசினுக்குப் போகும் வழக்கமான குழாயின் வெளிவிட்டம் 15 மில்லிமீட்டர், சுவரின் கனம் வெறும் 0.7 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கும் அரை அங்குல ஜி.ஐ. பைப்பின் நடுத்தர ரகத்துக்குச் சுவர் 2.6 மில்லிமீட்டர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கனத்தில் செம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? ஒரு காரணம் எளியது: இரும்புக் குழாயில் மரை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் சுவர் மெலியும், அதற்காகவே கனம் கூட்டி வைக்க வேண்டும், செம்பை மரை இல்லாமல் பற்றவைத்து இணைக்கலாம். பெரிய காரணம் துருவில் இருக்கிறது. இரும்பின் துரு, தான் தின்ற உலோகத்தைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். பஞ்சுபோல் துளைகள் கொண்டது, உதிர்வது. அதன் வழியே தண்ணீர் உள்ளே நுழைந்து அடுத்த அடுக்கைத் தின்னும். இருபது முப்பது ஆண்டு ஓடிய ஜி.ஐ. பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்துளை பென்சில் பருமனுக்குச் சுருங்கியிருப்பது அதனால்தான். செம்பின் மேல் முதலில் படிவது குப்ரஸ் ஆக்சைடு. அது உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கார்பனேட் இருந்தால் அதன்மேல் பச்சை அடுக்கு ஒன்றும் மெல்ல ஏறும். இரண்டும் அமைந்துவிட்டால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும்.

இணைப்பு வேலையையும் ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேயும் கதை அந்தத் தோலைப் பற்றியதே. பிளம்பர் குழாயை வளையக் கத்தியால் சுற்றி அறுக்கிறார். அறுத்த வாயின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுக்கிறார். பிறகு குழாயின் முனையையும் எல்போவின் உட்புறத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், புளி போட்ட குடம்போல் பளிச்சென்று ஆகும்வரை. ஆக்சைடுத் தோல் இருந்தால் பற்று ஒட்டாது. தேய்த்த இடம் சூட்டில் மறுபடி கறுத்துவிடாமல் இருக்க பிளக்ஸ் பசையைத் தடவி இரண்டையும் செருகுகிறார். இடையில் இருப்பது முடி அளவு இடைவெளி. தீச்சுடரை எல்போவின் மேல் காட்டுகிறார், பற்றுக் கம்பியின் மேல் காட்டுவதில்லை. பிளக்ஸ் கொதித்துச் சீறும் வேளையில் கம்பியை விளிம்பில் தொட்டால், உருகிய வெள்ளி நிற உலோகம் ஒரே நொடியில் வட்டமாக ஓடி உள்ளே மறைந்துவிடும். குழாய் மேல்நோக்கி நின்றாலும் ஈர்ப்பை மீறி மேலே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை விசை. ஈயம் கலக்காத வெள்ளீயப் பற்று 230 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுகிறது, செம்போ 1,085 டிகிரியில்தான் உருகும். அதனால் குழாய்க்கு ஒன்றும் ஆவதில்லை. வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய ஒன்றுதான் அடிக்கடி விட்டுப்போகிறது: உள்ளே சிந்திய பிளக்ஸை நிறையத் தண்ணீர் விட்டு அலசுவது. பிளக்ஸ் தோலைக் கரைக்கும் பொருள். அது உள்ளேயே தங்கினால் தங்கிய இடத்தில் படலம் உருவாக விடாது.

இனி, தோல் எங்கே தோற்கிறது என்று பார்ப்போம். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிக்குழம்பு வைக்கும்முன் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசும் வழக்கம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும், சோறு கெடும் என்பது அடுப்படிக்குத் தெரிந்த வேதியியல். உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையும் செம்பில் களிம்புதான். குழாய்க்கு வந்தால் இதே களிம்பு காவலாக மாறுகிறது. ஆனால் தண்ணீரே புளிப்பாக இருந்தால் காவல் நிற்காது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே போனால் படலம் கட்டக் கட்டக் கரையும். பேசினில் நீலப்பச்சைக் கறை தோன்றும். கேரளத்தின் செம்புரைக்கல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில் இப்படிப்பட்ட நீர் உண்டு. தொட்டியில் பிடித்த மழைநீரும் உப்புச்சத்து இல்லாத, லேசான அமில நீர். ஆர்.ஓ. கருவியிலிருந்து வரும் நீர் தாதுக்களை இழந்து கரைக்கும் பசியோடு வருவது. அந்தக் கருவிக்குள் பிளாஸ்டிக் டியூபுகள் மட்டுமே ஓடுவதை யாரும் திறந்து பார்க்கலாம். இந்தத் தண்ணீர்களுக்குச் செம்பைப் போடுவது குழாயைத் தினமும் புளி போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

தண்ணீர் நல்லதாக இருந்தும் குழாய் ஊசித்துளை விட்ட நிகழ்வுகள் உண்டே என்பது நியாயமான மறுப்பு. பிரிட்டனில் இது பெரிய சிக்கலாக எழுந்து, 1950-ஐ ஒட்டி காம்ப்பெல் என்ற ஆய்வாளர் காரணத்தைக் கண்டார். தொழிற்சாலையில் குழாயை இழுத்து நீட்டும்போது உள்ளே தங்கும் எண்ணெய், பதப்படுத்தும் சூட்டில் கருகி மெல்லிய கரிப்படலமாக ஒட்டிக்கொள்கிறது. செம்பின் தோல் உருவாக வேண்டிய இடத்தைக் கரி பிடித்துக்கொள்கிறது. கரியில் விரிசல் விட்ட புள்ளியில் மட்டும் அரிப்பு குவிந்து ஊசிபோல் துளைக்கிறது. அதன்பின் குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்து விற்பது விதியாயிற்று. அறுத்த வாயில் பிசிறு விட்டுவிட்டால் நீர் அங்கே சுழித்து அடித்துத் தோலை உரிக்கும். குழாயைத் தேவைக்கு மேல் சிறிதாகப் போட்டாலும் அதே கதிதான். குளிர்நீர் நொடிக்கு 2.4 மீட்டர், வெந்நீர் 1.5 மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுநாள் நடைமுறை. நம் ஊருக்கு ஒரு சேர்க்கை சொல்ல வேண்டும். குழாய் போட்டு, தண்ணீர் விட்டுக் கசிவு சோதித்து, அப்படியே பூட்டிவிட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துக் காத்திருப்பது வழக்கம். மணலும் சிமென்ட் தூசியும் கலந்த நீர் மாதக்கணக்கில் தேங்கினால், படிவுக்கு அடியில் அரிப்பு வேர்விடும். தோல் நன்றாக அமைய முதல் சில வாரங்கள் சுத்தமான நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இவை எல்லாமே படலம் உருவாகாத கதைகள். உலோகம் ஏமாற்றிய கதை ஒன்றும் இல்லை.

படலம் தண்ணீரின் கையில் இருக்கிறது என்பதற்கு மிகக் கொடிய சான்று செம்பில் கிடைக்கவில்லை, ஈயத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். படலத்தைக் காக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாக ஈயக் குழாய்களுக்குள் இருந்த படிவு கரைந்து, குழந்தைகள் குடித்த நீரில் ஈயம் ஏறியது. குழாய்கள் பழையவையே, மாறியது தண்ணீர் மட்டும். நம் வீடுகளில் பாதிப் பழுது பார்க்கும்போது வேறொரு தவறு நேர்கிறது. மொட்டைமாடியில் செம்பைப் போட்டு, கீழே பழைய ஜி.ஐ. பைப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். மேலிருந்து வரும் நீரில் கரைந்த சிறிதளவு செம்பு, கீழே துத்தநாகப் பூச்சில் படிந்து மின்கலம்போல் வேலை செய்து அதைத் துளைக்கும். நீர் இரும்பிலிருந்து செம்புக்குப் போகலாம், செம்பிலிருந்து ஜி.ஐ. பைப்புக்குப் போகக் கூடாது.

செம்புப் பாத்திரத்தில் வைத்த நீர் கிருமியைக் கொல்லும், ஆகவே செம்புக் குழாயும் ஆரோக்கியம் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பாதி உண்மை. 2012-இல் வெளியான பெங்களூரு ஆய்வில், காலரா, சீதபேதிக் கிருமிகளைக் கலந்த நீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தபின் அவற்றை மீட்டெடுக்க முடியவில்லை. அந்த 16 மணி நேரம்தான் முக்கியம். 15 மில்லிமீட்டர் குழாய் பத்து மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீரே கொள்ளும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் திறந்துவிட்டால் கால் நிமிடத்தில் கடந்துவிடும். நெதர்லாந்தில் 2005-இல் வெளியான ஆய்விலும், வெந்நீர்க் குழாயில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகுவதைச் செம்பு முதலில் தடுத்தது, இரண்டு ஆண்டுகளில் பிற குழாய்களோடு வேறுபாடு இல்லாமல் போயிற்று. எதிர்ப்பக்க அச்சமும் இருக்கிறது, செம்பு நீரில் இறங்கி நஞ்சாகுமே என்று. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், நம் ஐ.எஸ். 10500 தரம் 0.05-ஐ விரும்புகிறது, வேறு நீர் இல்லாவிடில் 1.5 வரை பொறுக்கிறது. நல்ல நீரில் ஓரளவு பழகிய குழாய் உலக வரம்பைத் தொடுவதில்லை. புதுக் குழாயில் இரவெல்லாம் தங்கிய முதல் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் செடிக்கு விட்டுவிடலாம். பால்பவுடர் கரைக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கவலைப்பட வேண்டியது பற்றில் இருக்கும் ஈயத்தைப் பற்றி. பாதி ஈயம் கலந்த பழைய பற்றுக் கம்பியைக் குடிநீர்க் குழாயில் பயன்படுத்த அமெரிக்கா 1986-இல் தடை விதித்தது. ஈயமற்ற கம்பி என்று கேட்டு வாங்குங்கள்.

சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் மலிவு, துருவும் பிடிக்காது, பிறகு செம்பு எதற்கு? சமையலறைக்கும் குளியலறைக்கும் குளிர்நீர் கொண்டுபோக உண்மையில் தேவையில்லை. அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெந்நீரும் வெயிலும் உள்ள இடத்தில் கணக்கு மாறுகிறது. 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் பத்து மீட்டர் செம்பு 5 மில்லிமீட்டர் நீளும், சி.பி.வி.சி. ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நீண்டு, ஒவ்வொரு குளியலுக்கும் இணைப்புகளை இழுத்துத் தள்ளும். மொட்டைமாடி வெயிலில் பிளாஸ்டிக் வெளிறி நொறுங்கும். செம்புக்கு வெயில் ஒரு பொருட்டில்லை. சூரிய வெந்நீர்க் கருவியின் தட்டைப் பலகைக்குள் செம்புக் குழாய் ஓடுவது வெப்பத்தை அது விரைவாகக் கடத்துவதால். அதே குணத்தால் வெளியே ஓடும் குழாய் சூட்டை இழக்கும் என்பதால் மேலே காப்புறை போட்டாக வேண்டும். பிளாஸ்டிக்கும் தண்ணீருக்குக் கட்டுப்பட்டதே. அமெரிக்காவில் 1978 முதல் வீடுகளில் போட்ட பாலிபியூட்டிலீன் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் குடிநீரில் கலந்த குளோரின் பட்டு நாளடைவில் வெடித்தன. 1995-இல் வழக்கு 95 கோடி டாலர் நிதியோடு சமரசத்துக்கு வந்தது.

எனக்குக் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. செம்பு மண்ணிலிருந்து இலவசமாக வருவதில்லை. உருக்காலைப் புகையும் கழிவும் ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்ற கேள்வி தூத்துக்குடியில் போராட்டமாகி, 2018 மே மாதம் போலீஸ் நடவடிக்கையில் 13 உயிர்களைக் குடித்தது. அதைத் தெரிந்துகொண்டு, பெருமைக்காகச் சுவரெங்கும் செம்பு ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டி எடுத்தாகிவிட்ட செம்பு திரும்பத் திரும்ப உருக்கினாலும் தரம் குறையாதது என்பதும் உண்மை. பழைய குழாய்க்குக் காயலான் கடையில் எப்போதும் விலை உண்டு. ஆகவே தேவையான இடத்தில் மட்டும் போட்டு, போட்டது ஐம்பது ஆண்டு நிற்கும்படி பார்த்துக்கொள்வதே அந்த உலோகத்துக்குச் செய்யும் மரியாதை.

கீசரிலிருந்தோ சோலார் தொட்டியிலிருந்தோ வெந்நீர்க் குழாயைச் செம்பில் இழுக்க நினைப்பவர்கள் பிளம்பரைக் கூப்பிடும்முன் ஒரு லிட்டர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். வரும் அறிக்கையில் முதலில் பி.எச். வரியைப் பாருங்கள். 6.5-க்குக் கீழே இருந்தால் செம்பு வேண்டாம்.