எரிபொருளும் அங்காடியும்: காட்டாமணக்கு காட்டும் கணக்கு

1900ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியில், டீசல் பொறியொன்று நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு இயக்கிக் காட்டப்பட்டது. நம் மாணவர் பலர் இதனை அறிந்திரார். வித்திலிருந்து எரிபொருள் பெறும் கலை அத்துணைப் பழமையானது. ஆய்வுக்கூடத்தில் என்றோ வென்றுவிட்ட அக்கலை, அங்காடிக்கு வந்ததும் தடுமாறுவது ஏன் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். அதற்கு அயல்நாட்டுச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் வயல்வெளி வரப்பில் வேலியாக நிற்கும் காட்டாமணக்கே போதும்.

2003ஆம் ஆண்டில் நடுவண் அரசின் திட்டக்குழு அமைத்த குழுவொன்று தன் அறிக்கையை அளித்தது. 2011-12ஆம் ஆண்டுக்குள் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு தாவர எண்ணெய் எரிபொருளைக் கலக்கலாம் என்றும், அதற்குக் காட்டாமணக்கே ஏற்றது என்றும் அது மொழிந்தது. பயிரிடத்தக்க நிலமாக ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் ஹெக்டேர் கணக்கிடப்பட்டது. தரிசில் வளரும், நீர் வேண்டாது, ஆடுமாடு தின்னாது என்று இச்செடியின் புகழ் பாடப்பட்டது. தமிழகத்திலும் அரசும் தனியார் நிறுவனங்களும் உழவர்களை ஊக்குவிக்க, பல மாவட்டங்களில் இது பயிராயிற்று.

இனி விலைக்கணக்கிற்கு வருவோம். 2006ஆம் ஆண்டு சனவரி முதல், எண்ணெய் நிறுவனங்கள் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்குக் கொள்முதல் செய்யும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் அது 26.50 ஆயிற்று. காட்டாமணக்கு விதையில் எண்ணெய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆலையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஒரு லிட்டருக்கு மூன்று முதல் நான்கு கிலோ விதை வேண்டும். கிலோ ஐந்து ரூபாய் என்று மிகக் குறைத்து மதித்தாலும் விதைக்கே பதினைந்து முதல் இருபது ரூபாய் போய்விடுகிறது. எஞ்சிய சில ரூபாயில் வண்டிக்கூலி, ஆட்டும் செலவு, மெத்தனால் சேர்த்து எண்ணெயை எரிபொருளாக மாற்றும் செலவு, ஆலையாரின் ஆதாயம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். விதை விலையை ஏற்றினால் ஆலை தாங்காது. ஏற்றாவிடில் உழவர் தாங்கார். அரசு நிர்ணயித்த குறைந்த விலையில் டீசல் விற்ற காலம் அது. அந்தக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில்தான் நீங்கியது. சலுகை பெற்ற பொருளோடு சலுகை பெறாத பொருள் போட்டியிட நேர்ந்தது.

கூலியையும் பிண்ணாக்கையும் நாம் மறந்துவிடலாகாது. காட்டாமணக்கின் காய்கள் ஒருசேர முதிர்வதில்லை. ஆகவே பறிப்போர் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். நிலக்கடலையை ஆட்டினால் எண்ணெயோடு பிண்ணாக்கும் காசாகும் என்பதை நம் ஊர்ச் செக்கு வாணிகர் நன்கு அறிவர். காட்டாமணக்குப் பிண்ணாக்கோ நஞ்சுடையது, நச்சு நீக்காமல் கால்நடைக்கு இடலாகாது, எருவாகவே பயன்படும். ஆடுமாடு தின்னாத செடி என்று புகழப்பட்ட அதே பண்பு, விற்பனையில் குறையாக வந்து நின்றது!

நல்ல விளைச்சலுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். விதை வராததால் ஆலை எழவில்லை. ஆலை இல்லாததால் விதைக்கு விலை இல்லை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் கள ஆய்வு நிகழ்த்தியோர், சொல்லப்பட்ட விளைச்சல் கிட்டவில்லை என்றும், நல்ல மகசூலுக்கு நீர்ப்பாய்ச்சல் தேவைப்பட்டது என்றும் கண்டனர். பலர் செடியைப் பிடுங்கியெறிந்தனர். தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம் பல சிற்றூர்களில் ஆடு மேய்ப்போரின் வாழ்வாதாரம் என்பதையும் திட்டமிட்டோர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே எங்கள் கருத்து. டீசலில் கலக்கப்படும் பயோடீசல் இன்றளவும் நூற்றுக்கு ஒரு பங்கை எட்டவில்லை.

இதே நாட்டில் எத்தனால் வேறு வழியில் சென்றது. 2013-14இல் பெட்ரோலில் அதன் கலப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரையே. 2014 இறுதியில் அரசு கொள்முதல் விலையை நிர்ணயித்தது. பின்னர் மூலப்பொருளுக்கேற்ப வெவ்வேறு விலை அறிவித்தது. வடிப்பாலை நிறுவுவோர்க்கு வட்டிச் சலுகையும் தந்தது. 2022 சூனில் பத்து விழுக்காடும், 2025இல் இருபது விழுக்காடும் எட்டப்பட்டன. சர்க்கரை ஆலைகள் முன்னரே நின்றன; கரும்பு முன்னரே விளைந்தது; வாங்குவோர் உறுதியாயினர். காட்டாமணக்கிற்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை.

ஆயினும் எத்தனாலின் இடர்கள் தீர்ந்துவிடவில்லை. கரும்பு விளைச்சல் குறையும் என்ற அச்சத்தால் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு அரசு தடை விதித்தது. பின்னர்த் தளர்த்தி, 2024 ஆகஸ்டில் அடுத்த பருவத்திற்கு அறவே நீக்கியது. கடன் வாங்கி ஆலை அமைத்தோர் நிலையை எண்ணிப் பாருங்கள்! எத்தனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது பங்கு கலந்தால் ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைகிறது. விலையோ குறையவில்லை என்பது வாகனம் வைத்திருப்போர் முறையீடு. பிரேசில் நாட்டில் 2003 முதல் இருவகை எரிபொருளையும் ஏற்கும் கார்கள் விற்பனையாகின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் எழுபது விழுக்காட்டிற்கு மேற்பட்டால் அங்கே ஓட்டுநர் பெட்ரோல் நிரப்பிக்கொள்கிறார். நம் நாட்டில் அவ்வாறு தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இன்னும் பரவலாகவில்லை.

கரும்பு குறைந்த இடத்தை மக்காச்சோளம் நிரப்பியது. அதிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு என விலை உயர்த்தப்பட்டது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் பெருமளவில் இறக்குமதி செய்தது. பெரம்பலூர் உழவருக்கு இது நல்வாய்ப்பு. அதே சோளத்தைத் தீவனமாக வாங்கும் நாமக்கல் கோழிப்பண்ணையாருக்கோ இது பெருஞ்சுமை. அச்சுமையில் ஒரு பகுதி முட்டை விலையாக நம் வீட்டு அடுக்களைக்கும் வந்து சேர்கிறது.