கடைமடைக்கு எட்டாத முகவரி

தென்காசிப் பக்கம் மேக்கரை அடவிநயினார் அணையில் திறக்கும் தண்ணீர் வடகரை வயல்களுக்கு வருகிறது. தலைமடைக்காரர் முதலில் பாய்ச்சுவதை யாரும் குறை சொல்வதில்லை. தேவைக்கு மேல் தேக்கிவைத்து, அதைக் கடைமடைக்காரருக்கே விலை பேசினால் ஊர் பொறுக்குமா? இணைய முகவரியில் அதுதான் நடந்தது.

இணையத்தில் சேரும் கருவிக்கு ஐபி எண் என்ற முகவரி வேண்டும். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே 429 கோடி எண்கள். ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு 1 கோடியே 67 லட்சம்! ஃபோர்டு கார் கம்பெனிக்கும் அதே அளவு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2000-இல் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நேர்மையை எல்லோரும் பின்பற்றவில்லை. எம்ஐடி 2017-இல் ஏறக்குறைய பாதியை விற்பனைக்கு விட்டது, அமேசான் வாங்கியது.

2011 பிப்ரவரி 3-இல் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரல் 15-இல், எண்களைப் பங்கிடும் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏபிநிக் கடைசித் தொகுப்பைத் தொட்டது. அதன்பின் அந்தத் தொகுப்பிலிருந்து ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 எண்கள். 2019 முதல் 512 தான். அதே 2011-இல்தான் மென்பொருள் நிறுவனமான சோஹோ தென்காசிக்கு வந்தது. நம் ஊர்கள் இணையத்துக்குள் நுழைந்த நேரத்தில் கதவடியில் மிச்சம் இவ்வளவுதான்.

‘தேவையை நிரூபித்தவருக்குக் கொடுத்தோம்’ என்பது பதிவகங்களின் வாதம். அன்று கம்ப்யூட்டரையே பார்க்காத ஊர் எந்தத் தேவையை நிரூபித்திருக்க முடியும்?

விளைவைச் சுமப்பது உள்ளூர் கேபிள்காரர். கையிலிருக்கும் சில எண்களைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டே இணைப்பு தருகிறார். ஒரு வீட்டுக் கணினி வைரஸ் பிடித்துக் குப்பை அனுப்பினால், அந்த எண்ணைத் தடுக்கும் தளம் மற்ற வீடுகளையும் சேர்த்தே தடுக்கிறது. கடை கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்கத் தனி எண் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம்.

புதிய ஐபிவி6 முறையில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. 2016-இல் வந்த ஜியோ அதைப் பரவலாக்கியதால் செல்போன் இணையத்தின் ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. கம்பிவழி இணைப்புதான் பின்தங்கியிருக்கிறது. 2022 டிசம்பருக்குப் பின் தரும் புதிய வீட்டு இணைப்புகள் ஐபிவி6-க்குத் தகுந்தவையாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கெடு வைத்தது. பழைய ரவுட்டரை மாற்றும் செலவைச் சிறு ஆபரேட்டர் தலையில் கட்டாமல், அரசு அதில் பங்கேற்க வேண்டும். இந்தியப் பதிவகமான இரின், சிறு ஆபரேட்டர்களுக்குத் தமிழிலேயே பயிற்சி தர வேண்டும்.